மறு: 'பிராண்டிங்' – வணிகக்குறி வேண்டாம், 'தனித்தோற்றம்' எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

லிப்ரேஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பில் 'பிராண்டிங்' (பெயர், நிறம், சின்னம் ஆகியவற்றால் பார்த்ததும் அடையாளம் தெரியும்படி செய்வது) என்பதற்கு இந்த மடல் இழையில் இதுவரை வந்த சொற்கள்: வணிகக்குறியாக்கம், முத்திரையிடல், பொறி, தோற்ற அடையாளம். தமிழ் எழுத்தில் 'பிராண்டிங்' என்றே விட்டுவிடலாம் என்றும் ஒரு மடல். நான் 'தனித்தோற்றம்' என்று முன்மொழிகிறேன். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வணிகக்குறி. அது டிரேட்மார்க்குக்கு ஏற்கெனவே போய்விட்ட சொல். இந்த மென்பொருளில் டிரேட்மார்க்கையும் பிராண்டிங்கையும் கலந்தால் அதன் வரலாறே புரியாமல் போகும். 2010 செப்டம்பர் 28 அன்று, இதன் முன்னோடியான ஓப்பன்ஆபிஸிலிருந்து ஒரு குழு பிரிந்து வந்தது. நிரல் கட்டற்றது, முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். பெயரை எடுக்க முடியவில்லை. அது ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமை. ஆரக்கிள் அந்தப் பெயரை நன்கொடையாகத் தரும் என்ற எதிர்பார்ப்பில், அதுவரைக்கும் என்றுதான் பிரிந்து வந்தவர்கள் 'லிப்ரேஆபிஸ்' என்று வைத்தார்கள். மறு ஆண்டு ஆரக்கிள் அந்தப் பெயரை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. தற்காலிகப் பெயரே நிலைத்தது. சட்டப்படி ஒருவருக்குச் சொந்தமான பெயரும் சின்னமும் வணிகக்குறி, சரி. புதிய பெயரோடு பச்சை நிறத்தையும் மூலை மடிந்த தாளையும் சேர்த்து, பார்த்த மாத்திரத்தில் 'இது அவர்களுடையது' என்று தெரியும்படி செய்தது வேறு வேலை. நாம் சொல் தேடுவது இந்த வேலைக்கு. மேலும், இதை நடத்தும் ஆவண அறக்கட்டளை பெர்லினில் பதிவான, இலாப நோக்கில்லாத அமைப்பு. அதன் நிறத்தைப் பற்றிப் பேசும்போது 'வணிக' என்று தொடங்குவது எனக்கு உறுத்துகிறது.

'பொறி' எனக்கும் பிடித்த சொல்தான். காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் கொண்டு, மூட்டைகள் மேல் புலி பொறித்து வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. இதைவிடப் பழைய சான்று வேண்டுமா என்று பொறியை முன்மொழிந்தவர் கேட்டிருந்தார். வேண்டாம். ஆனால் கணினித் தமிழில் பொறி என்றால் எஞ்சின் ஆகிவிட்டது. தேடுபொறி எல்லார் வாயிலும் இருக்கிறது. 'வண்ணப்பொறி' என்று விருப்பங்கள் பக்கத்தில் போட்டால் வண்ணத்தை உண்டாக்கும் ஏதோ கருவி என்றுதான் நினைப்பார்கள். எலிப்பொறியை வேறு யாராவது இழுப்பார்கள். முத்திரைக்கும் இதே சிக்கல்: தபால் முத்திரை, நேரமுத்திரை, பரத முத்திரை என்று ஏற்கெனவே சுமை அதிகம்.

'தோற்ற அடையாளம்' பொருளில் மிக அருகில் வருகிறது. ஆனால் 'அடையாளம்' பயனர் அடையாளத்துக்கும் ஆகிறது, பக்கத்தில் குறித்து வைப்பதற்கும் ஆகிறது. அப்புறம் அதோடு வண்ணத்தையும் கையேட்டையும் சேர்த்தால் சொல் நீண்டுகொண்டே போகிறது. தனித்தோற்றம், தனித்தோற்ற வண்ணம், தனித்தோற்றக் கையேடு: சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடுக்கவில்லை. சொற்றொடரிலும் வைத்துப் பார்த்தேன்: 'லிப்ரேஆபிஸின் தனித்தோற்ற வண்ணம் பச்சை, அதன் அளவு சிவப்பு 24, பச்சை 163, நீலம் 3.' விளக்கம் தேவைப்படவில்லை.

ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. 'தோற்றம்' என்றால் பயனர் தானே மாற்றிக்கொள்வது இல்லையா, ஐகான் தீம் (கருவிப்பட்டைப் படவுருக்களின் தொகுப்பு) மாதிரி? அதனால் தீமுக்குத் தனிச்சொல் இப்போதே முடிவாக வேண்டும். 'தோற்றக்கரு' எனக்கு ஒட்டவே இல்லை. கரு உள்ளே இருப்பது, தீம் மேலே போடுவது. நான் சொல்வது 'கோலம்'. மணக்கோலம், போர்க்கோலம் என்கிறோமே, அந்தக் கோலம். பழனி முருகனுக்கு ஒரே நாளில் ஆண்டிக் கோலமும் உண்டு, ராஜ அலங்காரமும் உண்டு, சாமி ஒன்றுதான். லிப்ரேஆபிஸிலும் இப்படிப் பல ஐகான் தீம்கள்: விண்டோஸில் லிப்ரேஆபிஸ் 6.1 பதிப்பிலிருந்து கோலிப்ரே இயல்பாக வருகிறது. லினக்ஸில் பயன்படும் கேடிஈ மேசைத்தளத்துக்குப் பிரீஸ். நிறமே வேண்டாம் என்பவர்களுக்கு ஒற்றை நிறச் சிஃப்ர். எதைப் போட்டாலும் கருவிப்பட்டையில் உள்ள படங்கள்தான் மாறும், மென்பொருளின் தனித்தோற்றம் அப்படியே இருக்கும். ஆக 'படவுருக் கோலம்'. வாசல் கோலத்தோடு குழம்பும் என்றால், அமைப்புகள் பக்கத்தில் யாரும் அரிசி மாவைத் தேட மாட்டார்கள். 'அலங்கோலம்' என்று கேலி வரும்; வரட்டும்.

கோலங்களின் பெயர்களை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள். பிரீஸ் 'தென்றல்' ஆகியிருப்பதை வரைவில் பார்த்தேன். அழகுதான், ஆனால் அது பெயர். உதவி கேட்டு எழுதுகிற பயனர் தென்றல் என்று எழுதினால் எதிர்முனையில் யாருக்கும் புரியாது. சிஃப்ர் என்பது அரபியில் பூஜ்ஜியம், நம் சைபருக்கு மூலம். அதற்காக அதைச் சைபர் ஆக்கவும் வேண்டாம்.

கடைசியாக நிறப் பெயர்கள். இங்கேதான் பயனருக்கு நேரடித் தொல்லை. லிப்ரேஆபிஸின் செயலிகளில் ரைட்டர் (ஆவணம் எழுத) நீலம், கால்க் (விரிதாள்) பச்சை, இம்பிரெஸ் (படக்காட்சி) ஆரஞ்சு, டிரா (வரைபடம்) மஞ்சள், பேஸ் (தரவுத்தளம்) ஊதா. 2023 பிப்ரவரியில் 7.5 பதிப்பு வந்தபோது செயலிப் படவுருக்களைப் புதிதாக, இன்னும் பளிச்சென்று வரைந்தார்கள். இந்த வரிசையைக் கலைக்கவில்லை. வேர்டின் நீலத்துக்கும் எக்செலின் பச்சைக்கும் பழகிய கண்ணுக்கு இது வசதி. ஆனால் நம் வரைவில் பேஸுக்கு 'ஊதா' என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் நீலத்தையே ஊதா என்பவர்கள் ஏராளம். 'ஊதா நிறப் படவுருவைச் சொடுக்குக' என்றால் அவர்கள் நேராக ரைட்டரைத் திறப்பார்கள். கத்தரிப்பூ நிறம் என்று போடலாம், அதில் யாருக்கும் ஐயம் வராது. ஆரஞ்சைச் செம்மஞ்சள் ஆக்கலாமா என்பதை இலங்கை நண்பர்கள் சொல்லட்டும். அங்கே அது புழக்கத்தில் இருக்கிற சொல்.

சிவப்பு, பச்சை வேறுபாடு தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் உதவிப் பக்கத்தில் நிறத்தை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. செயலியின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம்: 'கத்தரிப்பூ நிறப் பேஸ் படவுரு'. இந்த மாற்றங்களை வரைவில் பரிந்துரைகளாக மட்டும் போட்டிருக்கிறேன், எதையும் ஏற்கவில்லை. 'கோலம்' வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதவும்.