மறு: ஆல்பத்துக்கு 'இசைத்தொகுப்பு' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

அக்கா நேற்றைய மடலில் கேட்டிருந்தார்:

> எல்லாரும் 'இசைத்தொகுப்பு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். இப்போது மாற்றுவானேன்?

எலெனா பாபரிசூ பற்றிய கட்டுரையில்தான் எனக்கு அந்தத் தேவை வந்தது. ஸ்வீடனில் கிரேக்கப் பெற்றோருக்குப் பிறந்த பாடகி. 2005 மே மாதம் உக்ரைனின் கீவ் நகரில் நடந்த, நாடுகள் பாட்டில் மோதும் ஐரோப்பியப் போட்டியான யூரோவிஷனில் 'மை நம்பர் ஒன்' பாடி, 230 புள்ளிகளுடன் கிரேக்கத்துக்கு முதல் வெற்றியைத் தேடித்தந்தவர். அவருடைய முதல் தனி ஆல்பம் 'ப்ரோதெரெயோதிதா' அதற்கு முந்தைய வருடம், 2004இல் வந்தது. பெயருக்கு 'முன்னுரிமை' என்று பொருள். அது ஸ்டூடியோ ஆல்பமா, பழைய பாட்டுகளைச் சேர்த்துப் போட்ட கம்பைலேஷனா என்பதை ஒரு வரியில் சொல்ல வேண்டியிருந்தது. நம் வழக்கப்படி எழுதினால் "இது கலையகத் தொகுப்பு, தொகுப்புத் தொகுப்பு அல்ல" என்று வருகிறது. அந்த வரியோடு கட்டுரை நின்றுவிட்டது.

தொகுப்பது என்றால் அங்கங்கே ஏற்கெனவே இருப்பதை ஓரிடத்தில் சேர்ப்பது. ஸ்டூடியோவில் நடக்கிற வேலையே வேறு. பாடகி ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறார். ஒரே வரியைப் பல டேக் பாடுகிறார். மூன்றாவது டேக்கில் முதல் சொல் நன்றாக விழுந்திருக்கும், ஏழாவதில் கடைசி இழுப்பு. இரண்டையும் வெட்டி, மூச்சு விடும் இடம் தெரியாமல் சேர்க்கிறார்கள். அப்புறம் குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்சிங், ஆல்பம் முழுவதன் ஒலியையும் சீராக்கும் மாஸ்டரிங். எந்தப் பாட்டு முதலில் வரவேண்டும், எதற்குப் பின் எது என்ற வரிசை, இரண்டு பாட்டுக்கு நடுவே எத்தனை நொடி மௌனம் என்பதுவரை யோசித்து வைக்கிறார்கள். இது கோக்கிற வேலை. பூவைக் கோப்பதுபோல, ஒரு வரிக்குள்ளேயே துண்டுகளைக் கோக்கிறார்கள்.

கோப்பதற்கு நம்மிடம் 'கோவை' இருக்கிறது. திருக்கோவையாரில் 400 பாடல்கள். தலைவனும் தலைவியும் முதலில் சந்திப்பதில் தொடங்கி, துறைவாரியாக ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். இடம் மாற்றினால் கதை குலையும். அதே மரபில் 'திரட்டு'ம் இருக்கிறது. வெவ்வேறு புலவர்கள் வெவ்வேறு சமயத்தில் பாடியவற்றைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்து வைத்தது தனிப்பாடல் திரட்டு. ஆக, ஸ்டூடியோ ஆல்பம் பாட்டுக்கோவை, கம்பைலேஷன் பாட்டுத்திரட்டு. இந்த வேறுபாட்டைத் தமிழ் எப்போதோ செய்து வைத்துவிட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே பெரிய மகிழ்ச்சி.

யாழ்ப்பாணத்து நண்பர் 'கோவை' என்றால் தங்கள் பக்கம் அலுவலகக் கோப்புதான் நினைவுக்கு வரும் என்கிறார். சரிதான். ஆனால் அதுவும் தாள்களைத் துளையிட்டு வரிசையாகக் கோத்து வைப்பதுதானே? வேர் ஒன்றே. தமிழ்நாட்டில் இன்னொருவருக்கு ஊர்ப்பெயர் நினைவுக்கு வரலாம். 'பாட்டு' முன்னால் ஒட்டியிருக்கும்போது இரண்டு குழப்பமும் நேராது என்று நம்புகிறேன்.

'இசைத்தட்டு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்றவருக்கு: கிரேக்கர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆல்பத்துக்கு அவர்கள் சொல்வது 'தீஸ்கோஸ்'. வட்டெறிதலில் எறிகிற வட்டும் அதுதான், காபி கொண்டுவரும் தட்டும் அதுதான். இரண்டு மொழியும் ஒரே மாதிரி யோசித்திருக்கின்றன, அழகான ஒற்றுமை. ஆனால் அது பொருளின் வடிவத்தைச் சொல்லும் சொல். திரட்டும் தட்டில்தான் வரும், கோவையும் தட்டில்தான் வரும் என்பதால் நம் சிக்கல் அப்படியே நிற்கிறது.

அடுத்தது இதைவிடக் கடினம். யூரோவிஷன் வெற்றிக்குப் பிறகு 'மை நம்பர் ஒன்' பாட்டையும் சேர்த்து அதே ஆல்பம் 'யூரோ எடிஷன்' என்ற பெயரில் திரும்ப வந்தது. அப்புறம் அவருடைய இன்னொரு பாட்டு 'மாம்போ!' வெற்றி பெற்றது. அதையும் சேர்த்து மூன்றாம் முறை. கிரேக்கத்தில் ஆல்பம் நன்றாகப் போனால் இப்படிப் புதுப் பாட்டு சேர்த்துத் திரும்ப விடுவது அன்று சாதாரண வழக்கம். ஆல்பம் வெளியானது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல்லின் பெயர் வடிவம் 'கிக்லோஃபோரீயா', அதாவது சுற்றிவருதல். உடம்பில் ரத்தம் ஓடுவதும் சாலையில் வண்டிகள் ஓடுவதும் அதே சொல். ஆல்பம் ஒருமுறை வெளியே வந்து முடிந்துவிடுவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது என்ற பார்வை அதில் இருக்கிறது.

இந்தத் திரும்பி வருதலை 'மறுவெளியீடு' என்றால் போதாது. பாட்டு எதுவும் கூடாமல் அட்டையை மட்டும் மாற்றி விட்டாலும் அது மறுவெளியீடுதான். நம் பதிப்பகங்கள் மறுஅச்சு வேறு, திருத்திய பதிப்பு வேறு என்று பிரிப்பதுண்டு. அதைப் பின்பற்றி என் முன்மொழிவு: விரிபதிப்பு.

'விரிதாள்' (ஸ்ப்ரெட்ஷீட்) போல இதுவும் வினைத்தொகை. விரிந்த, விரிகின்ற, விரியும் பதிப்பு என்று மூன்று காலமும் அடங்கும். இரண்டுமுறை விரிந்த ஓர் ஆல்பத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. தயவுசெய்து நடுவில் 'ப்' போட வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "2004இல் வெளிவந்த 'ப்ரோதெரெயோதிதா' பாபரிசூவின் முதல் பாட்டுக்கோவை. யூரோவிஷன் வெற்றிக்குப் பின் இதற்கு இரண்டு விரிபதிப்புகள் வந்தன." வாய்விட்டு இரண்டு தடவை படித்தேன். எங்கும் இடறவில்லை.

மேடையில் பாடியதை அப்படியே பதிவுசெய்து விடும் லைவ் ஆல்பத்துக்கு 'மேடைக்கோவை' என்று எழுதிப் பார்த்தேன், மனசுக்குப் பிடிக்கவில்லை. அங்கே யாரும் எதையும் கோப்பதில்லை. அன்று இரவு பாடிய வரிசைதான் வரிசை. அதற்கு உங்களிடம் சொல் இருந்தால் எழுதுங்கள். மற்ற மூன்றுக்கும் ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் கட்டுரையில் மாற்றிவிடுகிறேன்.

அன்புடன்.