வீட்டிலேயே லாங்போர்டு பலகை: 9 மி.மீ. பிளைவுட் தாங்குமா?

வேப்பமரத்தெரு எழுதியது:

வணக்கம். நண்பர் ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது, தம்முடைய பழைய லாங்போர்டின் (நீளமான ஸ்கேட்போர்டு) டிரக்குகள் (சக்கரங்களைப் பலகையோடு இணைக்கும் உலோகப் பாகங்கள்) இரண்டையும் 70 மி.மீ. சக்கரங்கள் நான்கையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பலகை மட்டும் நடுவில் விரிசல் கண்டு வீணாகிவிட்டது. புதிய பலகையின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதால், 1,500 ரூபாய்க்குள் நானே ஒன்றைச் செய்துவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

அலமாரி செய்தபோது மிஞ்சிய 9 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்று, மூன்றரை அடி நீளமும் ஓரடி அகலமுமாக வீட்டில் கிடக்கிறது. என் எடை 74 கிலோ. வித்தைகள் எதுவும் காட்டப் போவதில்லை. காலை நேரத்தில் குடியிருப்புக்குள் இருக்கும் தார்ச்சாலையில் ஓட்ட முடிந்தால் போதும். இந்தத் துண்டு என்னைத் தாங்குமா? கடையில் விற்கும் பலகைகளில் உள்ள வளைவு கட்டாயம் வேண்டுமா? கைவசம் ஒரு டிரில் இருக்கிறது, ஜிக்சா (வளைவாக அறுக்கும் மின்ரம்பம்) வாடகைக்குக் கிடைக்கும், கிளாம்ப் ஒன்றுகூட இல்லை.

மரத்தூள் எழுதியது:

தாங்காது என்றே சொல்வேன். பலகையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறுகிறது. அதாவது, 9 மி.மீ. பலகையைவிட 12 மி.மீ. பலகை ஒன்றேகால் மடங்கோ ஒன்றரை மடங்கோ அல்ல, ஏறக்குறைய 2.4 மடங்கு விறைப்பானது. டிரக்குகளுக்கு இடையே 70 செ.மீ. விட்டு, உங்கள் எடையோடு நடுவில் நின்றால், நல்ல 12 மி.மீ. பலகை சுமார் 2 செ.மீ. தொய்யும். அந்தத் தொய்வு ஓட்டுவதற்குச் சுகமாகவே இருக்கும். 9 மி.மீ. என்றால் 5 செ.மீ.க்கு மேல் இறங்கும்; ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினாலே முறிந்துவிடக்கூடும்.

தடிமனுக்கு முன்னால் இன்னொன்றைப் பாருங்கள். உங்கள் துண்டின் மேல்பரப்பில் மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறது? பலகையின் நீளவாக்கில் ஓடினால்தான் பலம். அகலவாக்கில் ஓடினால், தடிமன் எவ்வளவு இருந்தாலும் அந்தத் துண்டை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அலமாரி வேலையில் மிஞ்சும் துண்டுகள் பெரும்பாலும் குறுக்கே அறுபட்டவையாகவே இருக்கும்.

பிளைவுட் கடையிலோ பக்கத்தில் உள்ள தச்சுப் பட்டறையிலோ 12 மி.மீ. கட் பீஸ் கேளுங்கள். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளை கிடைத்தால் நல்லது, ஐ.எஸ். 303 வகையில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும்) தரமும் போதும். எம்.ஆர். (ஈரப்பதத்தை மட்டும் தாங்கும்) தரம் வேண்டாம், ஒரு மழைக்காலத்திலேயே அடுக்குகள் பிரியத் தொடங்கும். முத்திரையை மட்டும் நம்பிவிடாமல் அறுத்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளடுக்குகளுக்கு நடுவே பொந்து தெரிந்தால், அந்த இடம் டிரக்கின் கீழே வந்து சேராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால் வேறு துண்டு கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

வடிவத்தை நேரடியாகப் பலகையில் வரையாதீர்கள். செய்தித்தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, பாதி வடிவத்தை மட்டும் வரைந்து வெட்டி விரித்தால் இரு பக்கமும் ஒன்றுபோல் அமையும், மடிப்புக் கோடே நடுக்கோடாகவும் ஆகிவிடும். ஜிக்சாவின் பிளேடு மேல்நோக்கி வரும்போதுதான் அறுக்கிறது என்பதால், சிம்பு பெயர்வது மேற்புறத்தில்தான். எனவே நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுங்கள்.

வளைவுப்பிரியன் எழுதியது:

மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் வளைவைப் பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. கட்டாயம் இல்லை. தட்டைப் பலகையில் ஆண்டுக்கணக்காக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நடுப்பகுதி 1 செ.மீ. மேலெழுந்த பலகையில் ஏறி நிற்கும்போது அது தொய்ந்து தட்டையாகுமே தவிரக் குழியாகாது. அந்தச் சுகத்தை ஒருமுறை அறிந்தவர்கள் தட்டைப் பலகைக்குத் திரும்புவதில்லை என்பது என் (ஒருதலைப்பட்சமான) கருத்து.

இதற்கு 12 மி.மீ. பலகையை வளைக்க முயல வேண்டாம். 4 மி.மீ. பிளை மூன்று துண்டுகளை எடுத்து, இடையே நீர்புகாத மரப்பசையைப் பரவலாகத் தடவி, வளைவான அச்சின் மேல் ஒன்றாக அழுத்தி ஒரு நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். எடுத்ததும் கொஞ்சம் நிமிரும் என்பதால், 1 செ.மீ. வளைவு வேண்டுமானால் அச்சில் ஒன்றரை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அழுத்தத்தில்தான் இருக்கிறது. நான் முதல்முறை முப்பது செங்கற்களை அடுக்கினேன். செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் மொத்தம் 90 கிலோ. கேட்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் 2,400 சதுர செ.மீ. பரப்பில் பரவும்போது அது ஒன்றுமே இல்லை. விளிம்பெல்லாம் வாய் பிளந்துகொண்டது. கனடாவின் டொராண்டோவில் உள்ள ரோராக்கிட் நிறுவனம், பலகையையும் அச்சையும் ஒரு பைக்குள் வைத்துக் கைப்பம்பால் காற்றை உறிஞ்சும் முறையைப் பரப்பியது. வளிமண்டல அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 1 கிலோ என்பதால், பாதிக் காற்றை வெளியேற்றினாலே ஒரு டன்னுக்கு மேல் அழுத்தம் சீராகக் கிடைத்துவிடும். கம்பளி அடைக்கும் உறிஞ்சுபையும் வேக்குவம் கிளீனரும் வைத்து இதையே மலிவாகச் செய்து பார்த்தேன். பை இரண்டு மணி நேரத்தில் மெல்லக் காற்று வாங்கியது, அதற்குள் பசை ஓரளவு பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன்.

மரத்தூள் எழுதியது:

முதல் பலகைக்கே பை, பம்பு என்று போனால் 1,500 ரூபாய் அதிலேயே தீர்ந்துவிடும். முதலில் தட்டையாக ஒன்று செய்யட்டுமே.

உருளும்கல் எழுதியது:

பலகையைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. துளைகளைப் பற்றி ஒரு சொல். உங்கள் டிரக்கின் அடித்தட்டில் நான்கு துளைகள் இருக்கின்றனவா, ஆறு இருக்கின்றனவா? பழைய முறையில் துளைகளின் இடைவெளி நீளவாக்கில் 63.5 மி.மீ., புதிய முறையில் 54 மி.மீ.; அகலவாக்கில் இரண்டுக்கும் 41.3 மி.மீ.தான். ஆறு துளைத் தட்டில் இரண்டும் பொருந்தும். அளவெடுத்து வரைவதைவிட, தட்டையே காகிதத்தில் வைத்து அச்செடுத்து, நடுக்கோட்டோடு பொருத்தி ஒட்டி, 5 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். இரு டிரக்குகளும் ஒரே கோட்டில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும்.

சக்கரம் 70 மி.மீ. என்பதால், சாய்ந்து திரும்பும்போது அது பலகையின் அடியில் உரசி வண்டி சட்டென்று நின்றுவிடலாம். நீங்கள் நிற்க மாட்டீர்கள், முன்னால் பறப்பீர்கள். டிரக்குக்கும் பலகைக்கும் இடையே 6 மி.மீ. ரப்பர் துண்டோ பிளைவுட் துண்டோ வையுங்கள், போல்ட் 35 மி.மீ. நீளம் இருக்கட்டும். பழைய பேரிங்குகள் கரகரத்தால் பேரிங் கடையில் 608 என்று கேளுங்கள், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22. மிக்ஸி, மோட்டார் பழுது பார்ப்பவர்களும் வாங்குகிற அளவுதான் அது.

வேப்பமரத்தெரு எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மரத்தூள் ஐயா சொன்னபடியே என் துண்டில் ரேகை அகலவாக்கில்தான் ஓடியது. அதை அலமாரிக்கே தட்டாகப் போட்டுவிட்டேன். பட்டறையில் 12 மி.மீ. மரைன் பிளை கட் பீஸ் 450 ரூபாய்க்குக் கிடைத்தது. நீளம் 100 செ.மீ., அகலம் 23 செ.மீ. என்று அறுத்து, விளிம்பை அரத்தாலும் உப்புத்தாளாலும் உருட்டினேன். இரண்டு செங்கற்களின் மேல் வைத்து ஏறி நின்றபோது தொய்வு 2 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது.

அவசரத்தில் பின் டிரக்கின் துளைகளை 3 மி.மீ. தள்ளிப் போட்டுவிட்டேன். உருளும்கல் எச்சரித்ததுபோல் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது. துளைகளில் மரக்குச்சியைப் பசையோடு அடித்து இறக்கி, மறுநாள் மட்டமாக அறுத்துவிட்டு, பழைய துளையைத் தொடாதபடி டிரக்கையே 2 செ.மீ. உள்ளே தள்ளிப் புதிதாகத் துளையிட்டேன். இப்போது நேராகப் போகிறது.

வார்னிஷ் மூன்று பூச்சு. துளைகளின் உட்சுவரிலும் காது குடையும் பஞ்சுக்குச்சியால் தடவினேன். கிரிப் டேப்புக்கு (கால் வழுக்காமலிருக்க ஒட்டும் சொரசொரப்பான தாள்) பதிலாக, கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே, கழுவிக் காயவைத்த மணலை டீ வடிகட்டியால் சலித்துத் தூவினேன். பிடிமானம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறியதில் ஒரு சட்டை போயிற்று.