மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள், கொடைக்கானல் குளிரில் என்னதான் சாப்பிடுவது?

நாயுடுபுரம்_வீடு:
எனக்கு 46 வயது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.2 வந்ததும் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, சோறு இட்லி எல்லாவற்றையும் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டார். சரி என்று ஒரு மாதமாக அவித்த முட்டைகோஸ், அவித்த முட்டை, வெள்ளரிக்காய் என்றே ஓட்டுகிறேன். சாயங்காலம் மேகம் இறங்கிக் குளிர் ஏறிய பிறகு அந்தத் தட்டைப் பார்த்தாலே கை போகவில்லை, சுடச்சுடச் சோற்றில் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு இது. யூடியூபில் பாதாம் மாவில் ரொட்டி சுடுகிறார்கள், அந்த விலைக்கு நான் எங்கே போவேன். பிள்ளைகளுக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று இரண்டு சமையலும் முடியாது. முற்பகலில் கை வேறு நடுங்குகிறது, குளிர்தான் போல, சர்க்கரை போட்டு ஒரு டீ குடித்தால் நின்றுவிடுகிறது. நம் சாப்பாட்டிலேயே வழி இருந்தால் சொல்லுங்கள். கறி, மீன் சாப்பிடுவோம்.

பண்ணைக்காடு_தோட்டம்:
அக்கா, குறைக்கச் சொன்னது மாவுச்சத்தைத்தானே, தாளிப்பையும் தேங்காயையும் ஏன் விட்டீர்கள்? அப்பாவுக்காக மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது. சமையல் எல்லோருக்கும் ஒன்றுதான், தட்டில் அளவுதான் மாறும். நாங்கள் சோற்றுக்குக் கூட்டு தொட்டுக்கொள்கிறோம், அப்பா கூட்டுக்குக் கொஞ்சம் சோறு வைத்துக்கொள்கிறார். 100 கிராம் சோற்றில் 28 கிராம் மாவுச்சத்து, அதே அளவு சௌசௌவில் 5 கிராம்கூட இல்லை. நம் கீழ்மலையில் பந்தல் பந்தலாகக் காய்க்கிற காய் அது. தோல் சீவி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்போடு வேகவிட்டு, தேங்காய், சீரகம், பச்சைமிளகாய் அரைத்து ஊற்றிக் கூட்டு வையுங்கள், கிண்ணம் நிறையச் சாப்பிடலாம். ரசத்துக்குச் சோறு எதற்கு? மலைப்பூண்டு நாலு பல் தட்டிப்போட்டு, மிளகு தூக்கலாக வைத்து டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள், குளிருக்கு அவ்வளவு இதம்.

கறிக்குழம்பில் உருளைக்கிழங்குக்குப் பதில் நூக்கல் அல்லது முள்ளங்கி போடுங்கள், கெட்டிப்படத் தேங்காயும் கசகசாவும் அரைத்து விட்டால் போதும். அப்புறம் பட்டர் ஃப்ரூட். அதைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குடிப்பதுதான் பாழ். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு, எலுமிச்சை போட்டுப் பிசைந்து தயிர் கலந்தால் அருமையான பச்சடி. அதன் மாவுச்சத்தில் முக்கால் பங்கு நார்ச்சத்துதான்.

தாண்டிக்குடி_காபி:
சோற்றுக்குப் பதில் சாமை, தினை சாப்பிடலாமே? சிறுதானியம் என்றால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

வத்தலக்குண்டு_நர்ஸ்:
தம்பி, அப்படி நம்பி வந்து அளவு ஏறி நிற்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வேகவைக்காத 100 கிராம் அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையில் 65, கேழ்வரகில் 67. நார்ச்சத்து கூடுதல், கொஞ்சம் மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நாடு தழுவிய ஆய்வு 2025-ல் சொன்னதும் இதுதான், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறினால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதில்லை. அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் வர வேண்டும்.

அக்கா, எனக்கு உங்கள் கைநடுக்கம்தான் கவலை. சர்க்கரை டீ குடித்ததும் நிற்கிறது என்றால் அது குளிர் இல்லை, சர்க்கரை தாழ்ந்துபோவதாக இருக்கலாம். மாத்திரை அட்டையில் கிளிமிபிரைடு என்று இருக்கிறதா பாருங்கள். அது நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும், சோறு பாதியானால் மாத்திரை அளவையும் டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தப் பயம் குறைவு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை இருந்தாலும் சொல்லுங்கள், அதோடு மாவுச்சத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து உண்டு. நடுங்கும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், நாளைக்கே டாக்டரிடம் பேசுங்கள்.

நாயுடுபுரம்_வீடு:
அட்டையில் கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்து இருக்கிறது. இன்று பதினொரு மணிக்கு நடுக்கம் வந்ததும் பக்கத்து வீட்டு மீட்டரில் பார்த்தேன், 61. நீங்கள் சொன்னபடி சர்க்கரைத் தண்ணீர் குடித்தேன், கால் மணி நேரத்தில் 88 ஆகிவிட்டது. டாக்டரிடம் பேசியாயிற்று, நாளையிலிருந்து கிளிமிபிரைடு பாதி அளவு, ஒரு வாரம் தினமும் எழுதிவைத்துக் காட்டச் சொன்னார். ஒரு மாதமாகக் குளிர் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி.

இரவுக்குச் சௌசௌ கூட்டும் பூண்டு ரசமும் வைத்தேன், என் தட்டில் இரண்டு கரண்டி சோறு. பிள்ளைகளும் அதையேதான் சாப்பிட்டார்கள். பண்ணைக்காட்டுத் தம்பி, நூக்கலைக் கறியோடு சேர்த்தே வேகவிட வேண்டுமா, கடைசியில் போட வேண்டுமா?

பண்ணைக்காடு_தோட்டம்:
கறி முக்கால் வெந்த பிறகு போடுங்கள் அக்கா. சேர்த்துப் போட்டால் குழைந்துவிடும்.