புதிய எஸ்எஸ்டி போட்ட பிறகு டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டும் திறக்கவில்லை

கேள்வி:
வணக்கம். வீட்டுக் கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்கோடு புதிதாக ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்தோம். அதிலிருந்து அம்மாவின் டெஸ்க்டாப்பில் உள்ள ஃபோல்டர் ஷார்ட்கட் எதுவும் வேலை செய்யவில்லை. அம்மா எக்ஸ்ப்ளோரருக்குள் போய்த் தேடமாட்டார். குடும்பப் படங்கள், மருத்துவ ரிப்போர்ட், தம்பியின் சான்றிதழ்கள் எல்லாமே அவருக்கு அந்த ஐகான்கள்தான். இப்போது கிளிக் செய்தால் ஃபோல்டர் இடம் மாறிவிட்டது என்று சொல்லி, ஷார்ட்கட்டை நீக்கிவிடவா என்றும் கேட்கிறது. 'யெஸ்' கொடுத்தால் படங்களும் போய்விடுமோ என்று பயப்படுகிறார். பழைய டிஸ்க் முன்பு டி டிரைவாக இருந்தது, இப்போது எஃப். புதிய எஸ்எஸ்டிதான் டி. ஒவ்வொன்றையும் அழித்துவிட்டுப் புதிதாகச் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1:
முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: படங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஷார்ட்கட் என்பது முகவரி எழுதிய சீட்டு மாதிரி, அதைக் கிழித்தாலும் வீடு அப்படியேதான் இருக்கும். ஆனாலும் இப்போதைக்கு 'நோ' என்றே கொடுக்கட்டும், அந்தச் சீட்டுகள் நமக்குத் தேவை.

ஐகானை ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போய், 'டார்கெட்' கட்டத்தைப் பாருங்கள். பாதை டி என்றுதான் தொடங்கும். அந்த எழுத்தைப் பழைய டிஸ்க்குக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் ஷார்ட்கட் எதையும் தொட வேண்டியதில்லை. விண்டோஸ் விசையோடு எக்ஸ் அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறங்கள் (அட்மின் கணக்கு வேண்டும்). ஒரே எழுத்தை இரண்டுக்குக் கொடுக்க முடியாது. அதனால் முதலில் எஸ்எஸ்டியை ரைட் கிளிக் செய்து, 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' வழியாக எஸ் என்று மாற்றுங்கள். அப்புறம் எஃப்பை டி ஆக்குங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். எஸ்எஸ்டியில் ஏற்கெனவே ஏதாவது மென்பொருள் நிறுவியிருந்தால் எழுத்தை மாற்றியதும் அது திறக்காமல் போகலாம். வெறும் கோப்புகள்தான் என்றால் கவலையில்லை. எங்கள் வீட்டில் தரவு டிரைவுக்கு எப்போதும் பி (P), எஸ் போலப் பின்னால் வரும் எழுத்தைத்தான் வைப்பேன். புதிதாகச் செருகும் டிஸ்க் பொதுவாக முன்னால் காலியாக இருக்கும் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும், நம்முடையதோடு மோதாது.

பதில் 2:
இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் திடீரென்று ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் அது வேறு விஷயம், பெரும்பாலும் வைரஸ். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்திருக்கும். டார்கெட் கட்டத்தில் உங்கள் பாதைக்குப் பதிலாக 'சிஎம்டி' அல்லது 'டபிள்யூஸ்க்ரிப்ட்' என்று தெரிந்தால் கிளிக் செய்யவே செய்யாதீர்கள், முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி! எஸ்எஸ்டியில் மென்பொருள் எதுவும் இல்லை, எழுத்தை மாற்றியதும் எல்லாம் திறக்கிறது. 'படங்கள்' மட்டும் இன்னும் இல்லை. விசாரித்தால், தம்பி அந்த ஃபோல்டரையே கட் செய்து எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோயிருக்கிறான். படம் பார்க்கும் மென்பொருளும் பழைய இடத்தில்தான் தேடுகிறது.

பதில் 1:
ஷார்ட்கட் மட்டும் என்றால் டார்கெட்டில் புதிய பாதையை எழுதினால் போதும். மென்பொருளும் தேடுகிறது என்பதால் பழைய இடத்தில் ஒரு 'ஜங்ஷன்' (அங்கே திறந்தால் புதிய இடத்துக்கே கொண்டுபோகும் இணைப்பு) போட்டுவிடுங்கள். டி டிரைவில் 'படங்கள்' என்ற பெயரில் எதுவும் மிச்சம் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, 'எம்கேலிங்க்' (mklink) கட்டளையை ஆங்கிலத்தில் அடியுங்கள். இடைவெளி விட்டு சாய்கோடும் ஜே எழுத்தும் (/J), அடுத்து பழைய பாதை, கடைசியில் புதிய பாதை. இரண்டு பாதைகளையும் மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். வரிசை மாறக் கூடாது. பவர்ஷெல்லில் இந்தக் கட்டளை நேரடியாக ஓடாது.

இனி டி டிரைவின் 'படங்கள்' ஃபோல்டரைத் திறந்தால் எஸ்எஸ்டியில் உள்ள படங்களே வரும். ஆனால் தம்பியிடம் அவசியம் சொல்லிவையுங்கள்: அங்கே தெரிவது நகல் இல்லை. இரண்டு இடத்தில் இருக்கிறதே என்று உள்ளே போய் ஒரு படத்தை அழித்தால் அசல்தான் போகும்.