குரூப் 4 தயாரிப்பு: கைபேசி பிடிஎஃப்பா, அச்சு நூலா?

வைகைக்கரை:
ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையான அரசுப் பாடநூல்களைப் பலரும் கைபேசியில் பிடிஎஃப்பாக இறக்கித்தான் படிக்கிறார்கள். பாடநூல் கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, பேருந்திலும் படிக்கலாம். ஆனால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 தேர்வு நடப்பது தாளில்: 3 மணி நேரம், 200 கேள்வி. அதில் பாதி தமிழ். திரையில் படித்தது அங்கே கைகொடுக்குமா? காரணம் சொல்லிப் பேசுவோம், நண்பர்களே.

ஒற்றெழுத்து:
கைகொடுக்காது. முதலில் அளவுக் கணக்கைப் பாருங்கள். 6.5 அங்குலக் கைபேசியின் அகலம் ஏறக்குறைய 6.8 செ.மீ. ஏ4 பக்கம் 21 செ.மீ. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். நூலில் எழுத்தளவு 11 புள்ளி (பாயிண்ட்) என்று வைத்தால் திரையில் 4 புள்ளிகூட வராது. 'ன', 'ண' வேறுபாடே கண்ணுக்குப் பிடிபடாது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். அந்த இழுப்பில் பெட்டிச் செய்திகள் விடுபட்டுப் போகும். தமிழ்ப் பாடத்தில் 'நூல் வெளி', 'தெரிந்து தெளிவோம்' பெட்டிகளை விட்டவர் எதைப் படித்தார்?

ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. தாளையும் திரையையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஒரு பகுப்பாய்வு வந்தது. 2000 முதல் 2017 வரையான ஆய்வுகள், பங்கேற்றவர்கள் 1,70,000க்கும் மேல். பொருள் புரிவதில் தாளே முன்னால் நின்றது. நேர வரம்பு வைத்தால் இடைவெளி கூடியது. குரூப் 4இல் ஒரு கேள்விக்குக் கிடைப்பது 54 விநாடி.

மின்வாசகன்:
அதே பகுப்பாய்வை முழுதாகச் சொல்லுங்கள், ஐயா. கதை நூல்களில் அந்த வேறுபாடு தெரியவில்லை, தகவல் பாடங்களில்தான் தெரிந்தது. தெரிந்த இடத்திலும் அளவு சிறியது. நேர வரம்பு என்று அங்கே சொல்வது பாடத்தைப் படிக்கும்போது வைத்த வரம்பு. நம் 54 விநாடி கேள்விக்கு விடை எழுதும் நேரம். இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது. அதைவிட முக்கியமானது, அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு பகுதியைப் படிக்க வைத்து உடனே கேள்வி கேட்பார்கள். குரூப் 4க்குப் படிப்பவர் ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எடுக்க வேண்டும். அங்கே ஊடகத்தைவிட முறைதான் பெரிது.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் செய்த சோதனை இதற்குப் பொருந்தும். ஒரு குழு ஒரே பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு 83 சதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்களுக்கு 40, எழுதியவர்களுக்கு 61. அச்சு நூலில் நான்கு முறை மஞ்சள் கோடு போட்டவர் முதல் குழுவைச் சேர்ந்தவர்தான்.

அந்த நினைவுகூர்தலைத் தவறாமல் நடத்த, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பக் காட்டும் ஆன்கி போன்ற செயலிக்கு நிகரான நோட்டுப் புத்தகம் கிடையாது. அட்டை தயாரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். "சிலப்பதிகாரம் பற்றிக் கூறுக" என்பது அட்டையே அல்ல. "மதுரைக் காண்டத்தில் எத்தனை காதை?" என்று கேளுங்கள், பின்பக்கம் 13. புகாருக்கு 10, வஞ்சிக்கு 7, தனித்தனி அட்டை. ஓர் அட்டைக்கு ஒரே விடை. செயலி முன்னிருப்பாக நாளுக்கு 20 புதிய அட்டை தரும். அப்படியே விட்டால் சில வாரங்களில் தினமும் 200 அட்டை மீள்பார்வைக்கு வந்து நிற்கும். அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். 10 ஆகக் குறையுங்கள். மீள்பார்வை 100 அட்டைக்குள் நிற்கும், 20 நிமிடத்தில் முடியும்.

ஒற்றெழுத்து:
நினைவுகூர்தல் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அட்டை எங்கிருந்து வருகிறது? படித்ததிலிருந்துதானே? எது தெரியும், எது தெரியாது என்று முடிவு செய்வதிலேயே திரை ஏமாற்றுகிறது. ஆக்கர்மன், கோல்ட்ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் 2011இல் சோதித்தது இதைத்தான். நான் முதலில் சொன்ன தொகுப்பின் பொதுப்போக்குக்கு மாறாக, இந்த ஒரு சோதனையில் இவ்வளவுதான் நேரம் என்று கட்டினால் திரையும் தாளும் சமம். படிப்பவரே நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரையில் படித்தவர்கள் தங்களுக்குக் கூடுதலாகத் தெரிந்துவிட்டதாக எண்ணினார்கள், மதிப்பெண் குறைந்தது. வீட்டில் தனியாகத் தயாராகிறவர் தம் நேரத்தைத் தாமேதான் வைத்துக்கொள்கிறார். "இது தெரியும்" என்று தாண்டிய பத்திக்கு அவர் அட்டை போடவே மாட்டார்.

டெலிகிராமில் வரும் ஆயத்த அட்டைத் தொகுப்பும் 'ஒரு வரி வினா விடை'யும் இதைவிட மோசம். 2018-19இல் 6, 9, 11ஆம் வகுப்பு நூல்களும் அடுத்த ஆண்டு 7, 8, 10, 12ஆம் வகுப்பு நூல்களும் மாறின. அதற்கு முந்தைய நூலிலிருந்து எடுத்த வரிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

வைகைக்கரை:
ஒரு சந்தேகம். பிடிஎஃப் என்றால் தேடலாம் என்கிறார்கள். தமிழில் தேடினால் பல கோப்புகளில் ஒன்றும் வருவதில்லையே?

மின்வாசகன்:
ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக் குறியீட்டில் அச்சுக்கோத்த கோப்பு என்றால் அப்படித்தான். கண்ணுக்குத் தமிழ், உள்ளே வேறு குறிகள். சோதிக்க வழி: ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டுங்கள். குப்பையாக வந்தால் தேடல் நடக்காது. டெசராக்ட் கட்டற்ற மென்பொருள், தமிழைப் படித்து எழுத்தாக்கும். அதை வைத்து இயங்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் மூலம், பக்கத்தின் தோற்றம் மாறாமல் அடியில் எழுத்து அடுக்கைச் சேர்த்துவிடலாம். மூலக் கோப்பின் தெளிவு 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்தால் பிழை கூடும். 'ர'வும் துணைக்காலும் அடிக்கடி குழம்பும், 'பாரி' என்று தேடிக் கிடைக்காவிட்டால் 'பரரி' என்றும் தேடுங்கள். கணினி வேண்டும், ஒரு நூலுக்குச் சில நிமிடம் ஆகும். செய்துவிட்டால் ஏழு வகுப்பு நூல்களிலும் ஒரு புலவர் எங்கெங்கே வருகிறார் என்று நொடியில் பார்க்கலாம். இதை அச்சு நூலில் செய்ய முடியாது.

ஒற்றெழுத்து:
தேடலுக்குத் திரை, மறுக்கவில்லை. முதல் வாசிப்புக்குத் தாள் என்பதில் மாற மாட்டேன். செலவு கூடும் என்றால் ஏ4 தாளின் ஒரு புறத்துக்கு இரண்டு பக்கமாக, இருபுறமும் அச்சிடுங்கள். 200 பக்க நூலுக்கு 50 தாள் போதும்.

மின்வாசகன்:
அப்படி அச்சிட்டால் பக்கம் 0.7 மடங்காகும், 11 புள்ளி எழுத்து 8க்குக் கீழே வரும். கைபேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அகலம் ஏறத்தாழ 15 செ.மீ., அங்கேயும் அதே 0.7. உங்கள் அளவுக் கணக்கின்படியே இரண்டும் சமம்.

ஒற்றெழுத்து:
எழுத்தளவு சமம், பக்கம் சமமில்லை. கிடைமட்டத் திரையில் உயரம் 6.8 செ.மீ.தான், பக்கத்தில் மூன்றில் ஒரு பகுதிதான் தெரியும். "இடப்பக்கம், படத்துக்குக் கீழே இருந்தது" என்று இடத்தை வைத்து நினைவில் பிடிக்கிறோம். உருட்டிக்கொண்டே போகும் எழுத்துக்கு இடம் கிடையாது. கிண்டில் போன்ற மின்மைக் (இ-இங்க்) கருவியிலும் இந்தச் சிக்கல் உண்டு. 2019இல் வந்த ஆய்வில் 50 பேரில் பாதிப்பேர் 28 பக்கக் கதையைக் கிண்டிலிலும் மீதிப்பேர் அச்சிலும் படித்தார்கள். மற்றவற்றில் பெரும்பாலும் சமம், எது முன், எது பின் என்று வரிசை சொல்வதில் அச்சு முந்தியது. வரலாற்றுப் பாடமே வரிசைதான்.

தாளடி:
இடையில் ஒன்று. கணக்கு 25 கேள்வியை இருவரும் மறந்துவிட்டீர்கள். காணொளி பார்த்துக் கணக்குப் படிப்பவர்கள் தீர்வு ஓடுவதைப் பார்த்து "புரிந்தது" என்கிறார்கள், தேர்வில் கை ஓடாது. கேள்வி திரையில் வந்ததும் நிறுத்துங்கள், தாளில் போட்டு விடை எடுங்கள், பிறகு ஓட விடுங்கள். தனிவட்டி, கூட்டுவட்டி, வேலை-நேரம் எல்லாவற்றுக்கும் இதே வழி.

கைபேசியில் படிப்பதானால் கோப்பை இறக்கிவிட்டு விமானப் பயன்முறைக்குப் போங்கள். வேறு செயலிக்குத் தாவாதபடி, ஆண்ட்ராய்டில் ஒரு செயலியைத் திரையில் பொருத்தி வைக்கும் வசதி உண்டு, பாதுகாப்பு அமைப்பில் இருக்கும்.

வைகைக்கரை:
அப்படியானால் தமிழும் வரலாறும் அச்சில், மீள்பார்வை அட்டையில், தேடல் கோப்பில். எல்லா நூலையும் அச்சிட வசதி இல்லாதவர் எதை முதலில் அச்சிடலாம்?

மின்வாசகன்:
அச்சிடவே வேண்டாம். மாவட்ட மைய நூலகத்தில் போட்டித்தேர்வுப் பகுதி இருந்தால் அங்கேயே நூலைப் படித்து அட்டையைக் கைபேசியில் போட்டுக்கொள்ளலாம்.

ஒற்றெழுத்து:
நூலகம் பக்கத்தில் இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் 9, 10ஆம் வகுப்புத் தமிழை முதலில் அச்சிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் தொடக்கப் பக்கத்தில் முதல் பதிப்பு, திருத்திய பதிப்பு ஆண்டுகளைப் பாருங்கள். தளத்தில் இருப்பதைவிடப் பழைய ஆண்டு என்றால் அந்தக் கோப்பை அழித்துவிட்டுப் புதிதாக இறக்குங்கள்.