உரியவர் ஒருவர், வைத்திருப்பவர் வேறொருவர்: இரண்டு சொல் தேவை

வணக்கம். சட்ட மாணவர்களுக்கான முதலாண்டுப் பாடநூலில் சொத்துச் சட்ட இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பொசெஷன் (ஒன்றைக் கையில் வைத்திருத்தல்), ஓனர்ஷிப் (அதற்கு உரியவராக இருத்தல்) இரண்டுக்குமே மொழிபெயர்ப்பில் ‘உடைமை’ என்று போட்டிருக்கிறார்கள். விளைவு இந்த வரி: “உடைமையாளரின் உடைமையை 12 ஆண்டு உடைமையில் வைத்திருப்பவர்…” படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 65-ஆம் உறுப்பு சொல்வது வேறு. நிலம் பிறர் கையில் தமக்கு எதிராக இருக்கத் தொடங்கிய நாளிலிருந்து 12 ஆண்டுக்குள் உரியவர் வழக்குப் போட வேண்டும். தவறினால் 27-ஆம் பிரிவின்படி அவருடைய உரிமையே அற்றுப்போகும். கை வேறு, உரிமை வேறு என்பதுதான் பாடமே.

*

> இரண்டு சொல் தேவை

பத்திரங்களில் இருக்கிறதே ஐயா: சுவாதீனம். “இன்றே சொத்தைத் தங்கள் சுவாதீனத்தில் விட்டுவிட்டேன்” என்று எழுதாத கிரயப் பத்திரம் உண்டா? சுவாதீன அடமானத்தில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகும், சுவாதீனமில்லா அடமானத்தில் போகாது. எழுத்தரும் வழக்கறிஞரும் நாள்தோறும் புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

*

சுவாதீனம் வடசொல். அதுவும் ‘தனக்கு அடங்கியது’ என்று மட்டுமே பொருள்படுவது. நம் இலக்கணம் இதை எப்போதோ பிரித்துவிட்டது. ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. சாத்தனது கை தற்கிழமை, சாத்தனது வேல் பிறிதின்கிழமை. வேலை விற்கலாம், கையை விற்க முடியாது. கோவூர் கிழார், அரிசில் கிழார் என்ற பெயர்களில் வரும் கிழார் ஊருக்கு உரியவர்தானே? ஆகவே ஓனர்ஷிப் = கிழமை, பொசெஷன் = உடைமை. குறளும் “உடையது உடையரோ மற்று” என்று கேட்கிறது: கையில் இருப்பதெல்லாம் உரியதாகிவிடுமா?

*

அம்மா, கிழமை என்றால் மாணவர் செவ்வாயா புதனா என்றுதான் பார்ப்பார். குறளும் உங்களுக்கு எதிராகவே நிற்கிறது. உடையது, உடையர் இரண்டும் ஒரே வேர். வைத்திருத்தலும் உரிமையும் அந்த வேருக்குள்ளேயே கலந்து கிடப்பதுதான் நம் சிக்கல்.

சொல்லை மூன்று இடத்தில் சோதியுங்கள். ஒன்று, வாடகைதாரர்: சட்டப்படி வீடு அவர் வசம், உரிமை வீட்டுக்காரருடையது. இரண்டு, குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு: சட்டப்படியல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்கிட்டால், நிலம் யாருடையது என்று பாராமலே நீதிமன்றம் திருப்பித் தரும். மூன்று, குற்றவியல்: சட்டைப்பையில் கஞ்சா. அனுபோகம் என்ற சொல் முதல் இரண்டில் பொருந்தும், மூன்றாவதில் விழுந்துவிடும். பொட்டலத்தை யாரும் ‘ஆண்டு அனுபவிப்பது’ இல்லை. ஆகவே கைவசம்.

*

யாழ்ப்பாணத்தில் நிலப் பத்திரத்தை உறுதி என்பர். நெடுநாள் அனுபவத்தை வைத்து எழுதுவது ஆட்சி உறுதி. இலங்கையில் அதற்குக் காலம் 10 ஆண்டு. பொசெஷனுக்கு ‘ஆட்சி’ என்றே வைத்தால் என்ன?

*

காணியாட்சி என்ற பழஞ்சொல் குறுக்கே நிற்கிறது. அது வழிவழி வந்த நில உரிமை, வெறும் வைத்திருத்தல் அல்ல. அதோடு ‘சொத்துரிமை’யை ஓனர்ஷிப்புக்குப் போட்டுவிடாதீர்கள். அரசமைப்பின் 300அ பேசுவது அந்தச் சொத்துரிமையைத்தான். டைட்டிலுக்கு, அதாவது உரிமைக்கு அடிப்படையாக நிற்பதற்கு, ‘உரிமைமூலம்’ தனியாக வேண்டும். பட்டாவை அந்தச் சொல்லுக்குள் கொண்டுவர வேண்டாம். அது வருவாய்த்துறைப் பதிவு, அதனால் உரிமை பிறப்பதில்லை.

*

எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் பெரும்பான்மைப்படி: ஓனர்ஷிப் = உரிமையாண்மை, பொசெஷன் = கைவசம், டைட்டில் = உரிமைமூலம், அட்வர்ஸ் பொசெஷன் (உரியவருக்கு எதிராக வைத்திருத்தல்) = எதிரிடைக் கைவசம். முதல் இடத்தில் மட்டும் ‘சுவாதீனம்’ பிறை அடைப்பில் வரும். ‘உடைமை’யை இந்த இயலில் இருந்து முழுதும் எடுத்துவிடுகிறேன்.

*

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். ‘வசம்’ வடசொல் என்பது மட்டும் காரணமில்லை. காவற்காரர் கையில் சாவி இருக்கிறது, சட்டப்படி வீடு முதலாளி வசம். கூட்டுரிமையாளர் நால்வரில் ஒருவர் மட்டும் நிலத்தில் இருந்தாலும், மற்ற மூவரை விலக்கித் தனக்கே உரியது என்று வெளிப்படையாகச் சொல்லும்வரை, அவர் இருப்பது நால்வர் சார்பிலும்தான். அந்த மூவர் கையில் என்ன இருக்கிறது? ‘கை’ என்று தொடங்கும் எந்தச் சொல்லும் இந்த இரண்டு பத்தியிலும் பொய் சொல்லும். அங்கேயாவது அடிக்குறிப்புப் போடுங்கள்.