புதுப்பிப்பு: 1:64 கூட்ஸ் பெட்டிக்கு வரைபடம் கிடைத்துவிட்டது

தென்னாப்பிரிக்க ரயில்வேயின் பழைய போகி கூட்ஸ் பெட்டி (திரும்பும் சக்கரச் சட்டங்கள் மேல் ஓடும் சரக்குப் பெட்டி) ஒன்றின் 1:64 மாதிரியை, அதாவது நிஜத்தில் 64இல் ஒரு பங்கு அளவில், கையாலேயே செய்ய அளவு வரைபடம் எங்கே கிடைக்கும் என்று டர்பனிலிருந்து கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

"பழைய ரயில்வே ஆட்களைக் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தா ஒருவர், பத்திரமாக வைத்திருந்த டயகிராம் தாளின் (பெட்டியின் அளவுகள் குறித்த வரைபடம்) நகலைத் தந்தார். அளவெல்லாம் அடி, அங்குலத்தில். 1:64இல் ஓர் அடி 4.76 மி.மீ.; 36 அடி உடல் 171.5 மி.மீ. நம் ரயில் பாதையின் 1067 மி.மீ. அகலம் 16.67 மி.மீ. ஆகிறது, அதனால் கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. அகல மாதிரித் தண்டவாளமே போதும்.

எதிர்பாராதது ஒன்று: நகல் எடுத்ததில் தாள் நீளவாக்கில் மட்டும் சுருங்கியிருந்தது. ஸ்கேல் வைத்து அளந்து வெட்டிய முதல் பக்கப்பலகை 3 மி.மீ. குட்டை. வரைபடத்தை அளக்காதீர்கள், அதில் எழுதியுள்ள எண்ணிலிருந்து கணக்கிடுங்கள். கப்ளர் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) சேர்த்த நீளமும் உடல் நீளமும் வேறு வேறு, அதையும் பாருங்கள்.

டயகிராமில் ரிவெட், பிரேக் கம்பி எதுவும் இல்லை. அதற்கு இன்னொருவர் சொன்ன டிரிசா (DRISA) என்ற தென்னாப்பிரிக்க ரயில்வே பழைய படங்களின் இணையத் தொகுப்பு உதவியது. பக்கவாட்டுப் படத்தைப் பெரிதாக்கி விலாக்கம்பிகளை எண்ணிக்கொண்டேன். சட்டம் ஒட்டியாயிற்று, பிரேக் வேலை பாக்கி.